காயாத துணியும் கூலிக் கணக்கும்

(கல்முனையில் கைத்தறி, மீன்பிடி, கடைத் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் கூடிய சந்திப்பில், எமது சங்கத்தின் சார்பில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டுக் காணியைப் பற்றியும் பேசுவோம் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். மலையகத்திலிருந்து யார் இறங்கி வந்தாலும் அதைத்தான் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் இன்று நாங்கள் எடுத்துக்கொண்டது துணி காய்வதைப் பற்றி. சிரிக்கிறீர்கள். நேற்றுப் பின்னேரம் இங்கே வந்து இறங்கியதும், பஸ்ஸில் பட்ட புழுதி போக எங்கள் உடுப்புகளைக் கழுவிக் கொடியில் போட்டோம். தேநீர் குடித்து, வீட்டுக்காரரோடு நாலு கதை கதைத்துவிட்டு வெளியே வந்தால் எல்லாம் காய்ந்து விறைத்துத் தொங்குகிறது. இதே ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் அந்த உடுப்புக் காய மூன்று நாள் ஆகும். சில கிழமைகளில் காயவே காயாது. ஈரத்தோடு எடுத்து உடுத்திக்கொண்டு வேலைக்குப் போவோம்.

நேற்று எங்கள் உடுப்பைக் காயவைத்த காற்றை நீங்கள் கச்சான் என்கிறீர்கள். அந்தக் காற்று வரும் வழியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். தென்மேற்குக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று மேற்கு மலைச்சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அந்த ஈரத்தைச் சுமக்க முடியாது. கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், தலவாக்கலை என்று வழியெல்லாம் கொட்டிவிடுகிறது. வட்டவளையில் ஓர் ஆண்டின் மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மலை முகட்டைக் கடந்ததும் அதே காற்று ஈரமில்லாமல் கீழே இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. ஊவாப் பக்கத்துத் தேயிலைக்கு ஆடி ஆவணியில் தனி மணம் வருவது இந்த வறண்ட காற்றால்தான். பிறகு பிபிலை, அம்பாறை வெளிகளைத் தாண்டி உங்கள் முற்றத்துக்கு வந்து சேரும்போது அது நெருப்பு மாதிரி இருக்கிறது. கச்சான் அடித்தால் தலையிடி, புல்லெல்லாம் கருகுது என்று நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்கள். எங்கள் லயத்து அம்மாமார் கேட்டால், அந்தக் காற்றில் பாதியைச் சாக்கில் கட்டித் தாருங்கள், கொண்டுபோகிறோம் என்பார்கள்.

துணி எப்படிக் காய்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்காகவே பார்ப்போம். ஆசிரியத் தொழில் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். 30 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் அது 13 கிராமுக்கும் சற்றுக் குறைவு. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 15, 16 பாகைதான். அங்கே மழைநாளில் காற்றின் ஈரப்பதன் 95 வீதம் என்று வைத்தால், ஒரு கன மீட்டர் காற்றில் இன்னும் ஒரு கிராம் நீருக்குக்கூட இடமில்லை. இங்கே 30 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்றாலும் 12 கிராமுக்கு இடம் இருக்கிறது. கச்சான் காலத்தில் அதைவிடக் கூட.

இப்போது ஒரு பருத்திச் சேலையை எடுங்கள். நன்றாகப் பிழிந்த பிறகும் அரை லீற்றர் தண்ணீர் அதில் இருக்கும். லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. எட்டடி உயரம் என்றால் உள்ளே 27 கன மீட்டர் காற்று. குளிருக்கும் சாரலுக்கும் பயந்து கதவைச் சாத்துகிறோம். அந்தக் காம்பராவின் முழுக் காற்றும் சேர்ந்து எடுக்கக்கூடிய நீர் ஏறத்தாழ 17 கிராம். ஒரு மேசைக்கரண்டியை விடச் சற்றே அதிகம். மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? போகாது. சேலையில் கிடக்கும், அல்லது சுவரில் வியர்த்து ஒழுகும், கம்பளியிலும் பாயிலும் பிள்ளையின் புத்தகத்திலும் ஏறும். ஒரு வீட்டின் மழைக்காலக் கொடியில் ஒரு சேலை மட்டும் தொங்குவதில்லை என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அதனால் அடுப்பு. அடுப்புக்கு மேலே குறுக்கே ஒரு கம்பி கட்டாத லயத்து வீட்டை நாங்கள் கண்டதில்லை. மாலை ஐந்து மணிக்கு மலையிலிருந்து இறங்கிய பெண், பீலிக்கரையில் விரல் விறைக்கத் துவைத்துக்கொண்டு வந்து, அந்தக் கம்பியில் போடுகிறார். விறகும் ஈரம், எரிவதைவிடப் புகைவது கூட. துணி காய்வதற்காகவே அடுப்பை இரவு வரை அணையாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் புகைக்குள்தான் குழந்தை தூங்குகிறது. தொய்வு, சளி, ஓயாத இருமல் என்று தோட்டத்து மருந்தகத்தில் வரிசை நிற்கும்போது புகைபிடிப்பதை நிறுத்துங்கள் என்று ஆண்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். நல்ல புத்திதான். அடுப்புக்கு மேலே ஏன் துணி தொங்குகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

துவைப்பதும் காயவைப்பதும் ஏன் பெண்ணின் வேலையாகவே இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எட்டு மணி நேரம் கொழுந்தெடுத்தவர் அவர். சங்கத்தில் உரத்துப் பேசும் எங்கள் ஆண் தோழர்களில் பலர் தங்கள் சட்டை எப்படிக் காய்ந்தது என்று அறியாதவர்கள். இங்கேயும் நிலைமை பெரிதாக வேறு இல்லை என்று சகோதரிகள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, சபையில் பேசக் கூச்சப்படுவார்கள். மாதவிலக்குத் துணியை வெளிக்கொடியில் போட முடியாமல் வீட்டு மூலையில் மற்றத் துணிக்கு அடியில் ஒளித்துப் போடுகிறார்கள் எங்கள் பிள்ளைகள். வெயில் உள்ள ஊரிலேயே அது சரியாகக் காயாது. குளிர் மலையில் ஈரத்துணியையே மறுபடியும் வைக்கிறார்கள். அரிப்பு, புண், காய்ச்சல். வைத்தியரிடம் சொல்வதற்கும் வெட்கம்.

நாங்கள் பாடசாலையில் இருப்பதால் இந்தப் பிரச்சினை எங்களுக்கு முதலில் தெரிந்தது வரவுப் பதிவேட்டில்தான். தொடர் மழையில் பிள்ளைகள் குறைவார்கள். பாதை வழுக்கும், ஓடை பெருகும், அதெல்லாம் உண்மை. ஆனால் லயத்துக்கும் பாடசாலைக்கும் நூறு யார் தூரம் உள்ள பிள்ளையும் வரவில்லையே? கேட்டால் "காய்ச்சல், டீச்சர்" என்பார்கள். வீட்டுக்குப் போனால் பிள்ளை அடுப்படியில் சுகமாக உட்கார்ந்திருக்கும். வெள்ளைச் சட்டை கம்பியில் தொங்கும். 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது; அது பெரிய காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு சீருடையை வைத்துக்கொண்டு, மூன்று நாளில் காயும் ஊரில், ஐந்து நாள் பாடசாலைக்கு எப்படி வருவது? அதுவும் வெள்ளை. சேறு தெறித்தால் மறைக்க முடியாத நிறம். ஈரத்தோடு வரும் பிள்ளை முதற்பாடம் முழுக்க நடுங்குகிறது. புகையில் காய்ந்த சட்டையோடு வரும் பிள்ளைக்குப் பக்கத்தில் மற்றப் பிள்ளை உட்காராது. சீருடை சரியில்லை என்று வாசலில் நிறுத்தப்பட்டுத் திரும்பிப் போன பிள்ளையையும் எங்களுக்குத் தெரியும். அந்தப் பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம்.

ஈரத்துணி உடம்பில் ஏன் அவ்வளவு குளிர்கிறது என்று பிள்ளைகளே கேட்பதுண்டு. துணி எங்களைச் சூடாக வைத்திருப்பது அதன் இழைகளுக்கிடையே நிற்கும் காற்றால். காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், அது காற்றைப்போல் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். போதாததற்கு, அந்தத் தண்ணீர் ஆவியாகத் தேவையான சூட்டையும் உடம்பிலிருந்தே எடுக்கிறது. பருத்தி நீரை விரும்பி உறிஞ்சும், விடாது. பொலியெஸ்டர் உறிஞ்சாது, சீக்கிரம் காயும், ஆனால் வியர்வை உள்ளேயே நிற்கும். ஆட்டுமயிர்க் கம்பளி விசேஷமானது: தன் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது.

அதனால்தான் எங்கள் முன்னோர்கள் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தலையிலிருந்து கம்பளி போர்த்திக்கொண்டு மழையில் நின்றார்கள். அந்தக் கம்பளியைத் தோட்டம் கொடுத்தது என்று பழைய படங்களைப் பார்த்தால் தோன்றும். கொடுத்தது உண்மை. அரிசியைப் போலவே அதையும் ஆளின் பெயரில் கடனாக எழுதிக் கூலியில் கழித்தது. மலைக் குளிரில் நின்று வேலை செய்வதற்கான உடுப்பைத் தொழிலாளியே தன் கூலியில் வாங்க வேண்டும் என்ற கணக்கு அங்கே தொடங்கியது. இன்று கம்பளி போய், இடுப்பில் படங்கும் முதுகில் பொலித்தீன் துண்டும் வந்திருக்கின்றன. சில தோட்டங்களில் தருகிறார்கள். பல இடங்களில் பெண்கள் உரச் சாக்கையும் பொலித்தீனையும் தாங்களே வாங்கித் தைத்துக் கட்டுகிறார்கள். வெளியே மழை, உள்ளே வியர்வை. மத்தியானத்துக்குள் சட்டை இரண்டு பக்கமும் நனைந்துவிடும்.

மழைநாளில் கொழுந்தும் நனைந்திருக்கும் அல்லவா? நிறுக்கும்போது அந்த ஈரத்துக்கு என்று கிலோ வெட்டுகிறார்கள். இரண்டு கிலோ, மூன்று கிலோ, கணக்குப்பிள்ளையின் மனம்போல. இலையில் உள்ள நீரைப் பணமாக மதிப்பிட்டுக் கூலியிலிருந்து கழிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அந்த இலையைப் பறித்தவரின் சேலையில் உள்ள நீர் கண்ணில் படுவதேயில்லை.

இதைவிட எரிச்சலான காரியம் தொழிற்சாலையில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை என்பது என்ன? ஈரத்தை எடுக்கும் இடம். உள்ளே வரும் பச்சைக் கொழுந்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். வெளியே போகும் தூளில் 3 வீதமளவுதான். பழைய தொழிற்சாலைகள் மாடி மாடியாக உயர்ந்து நிற்பதே கொழுந்து வாட்டுவதற்காக. முன்பு அந்த மாடிகளில் சாக்குத் துணித் தட்டுகளைக் கட்டி அவற்றில் கொழுந்தைப் பரப்பினார்கள். இப்போது நீளத் தொட்டிகளில் போட்டு அடியிலிருந்து காற்று ஊதுகிறார்கள். வெளியே ஈரப்பதன் கூடினால் சூடான காற்றைக் கலக்கிறார்கள். ஒரு மணி நேரம் பிந்தினால் தேயிலையின் தரம் கெடும் என்று இரவு முழுக்க ஆள் வைத்துப் பார்க்கிறார்கள். அதாவது, குளிர்ந்த ஈரமான மலையில் ஒரு பொருளை எப்படிக் காயவைப்பது என்ற அறிவு 150 ஆண்டாக எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சூடு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. கூப்பிடு தூரத்தில் உள்ள லயத்தில் சட்டை மூன்று நாளாகத் தொங்குகிறது.

சரி, எங்கள் புராணம் போதும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் இந்தக் கரைக்கு மாரி. அப்போது உங்கள் கஷ்டம் தொடங்குகிறது, அது எங்களுடையதிலிருந்து கொஞ்சம் வேறு. இங்கே குளிர் குறைவு, உப்பு அதிகம். கடற்காற்றிலும் கடல்நீரிலும் உள்ள உப்பு துணியில் படிந்துவிட்டால், காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது அந்த உப்புத் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடல்நீரில் உள்ள மக்னீசிய உப்பு அதற்கு முன்பே இழுக்கத் தொடங்கும். கடலுக்குப் போய்வந்தவரின் சாரம் பகலில் காய்ந்து இரவில் மறுபடி பிசுபிசுப்பது இதனால்தான். கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருந்தால் இது தீரும். ஆனால் கரையோரக் கிணறே உவர் என்றால் எங்கே போவது? அதில் சவர்க்காரமும் நுரைக்காது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் கிணறுகள் உவராகி, மாதக் கணக்கில் பவுசர் தண்ணீரில் வாழ்ந்தவர்கள் நீங்கள். குடிக்க அளந்து வந்த தண்ணீரில் துணி அலசியது எப்படி என்று உங்கள் வீட்டு மூத்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மருதமுனைத் தறிக்காரர்களுக்கு ஈரம் என்றால் நேரே வருமானத்தில் விழும் அடி. பொட்டணி வியாபாரிகள் மூட்டை கட்டி எங்கள் லயம் லயமாகக் கொண்டுவந்து விற்ற சாரங்களால்தான் உங்கள் ஊரின் பெயரை எங்கள் தாத்தாமார் அறிந்தார்கள். அந்தச் சாரத்தின் நூலுக்குச் சாயம் ஏற்றினால் காய வெயில் வேண்டும். பாவுக்குக் கஞ்சி போட்டால் உடனே காய வேண்டும். பருத்தியும் பூஞ்சணத்துக்கு உணவு, கஞ்சி அதற்கு விருந்து. மழையில் ஒரு கிழமை கிடந்தால் கரும்புள்ளி விழும். விழுந்த பிறகு எந்தச் சவர்க்காரமும் அதை முழுக்க எடுக்காது, இழையும் நைந்துபோகும். அந்த நட்டத்தை நூல் கொடுத்தவர் ஏற்பதில்லை, துணி வாங்குபவரும் ஏற்பதில்லை. நெய்தவர் தலையில் விழுகிறது. எங்கள் கிலோ வெட்டும் உங்கள் கரும்புள்ளியும் ஒரே பேரேட்டில் எழுத வேண்டியவை.

ஈரத்தில் மெதுவாகக் காய்ந்த துணியின் புளித்த வாடையைப் பற்றியும் பேச்சு வந்தது, நேற்றிரவு. அது அழுக்காக இருப்பதால் வருவதல்ல. 2012இல் யப்பானிய ஆய்வாளர்கள் அந்த வாடைக்குக் காரணமான மொரக்செல்லா என்ற பக்டீரியாவை இனங்கண்டார்கள். சாதாரணமாகக் கழுவினாலும் அது துணியிலேயே தங்கிவிடும். துணி ஈரமாகக் கிடந்தால் மறுபடி பெருகும். கொதிநீரும் சூடான இஸ்திரிப் பெட்டியும் உதவும். ஆகவே வாடை வரும் சட்டையோடு வரும் பிள்ளையைப் பார்த்து உங்கம்மா சட்டை கழுவுவதில்லையா என்று எந்த ஆசிரியரும் கேட்கக் கூடாது. அந்த அம்மா கழுவியிருக்கிறார். காய இடம்தான் இல்லை.

இதையெல்லாம் தொழிற்சங்கக் கோரிக்கையாக வைக்க முடியுமா என்று எங்கள் சங்கத்துக்குள்ளேயே கேட்டார்கள். சம்பளத்துக்கே வழியில்லை, துணி காயக் கொட்டகையா என்றார்கள். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கதையை அவர்களுக்குச் சொன்னோம். கரியும் சேறும் ஈரமுமாக வீட்டுக்கு வருவார்கள். மனைவிமார் சமையலறை நெருப்புக்கு முன்னால் அந்த உடுப்பைக் காயவைப்பார்கள். அதே புகை, அதே இருமல். 1911ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது: தொழிலாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்துக் கேட்டு, பராமரிப்புச் செலவில் பாதியையும் ஏற்றால், முதலாளி குளியலறையும் உடுப்புக் காயவைக்கும் வசதியும் செய்துகொடுக்க வேண்டும். பாதிச் செலவு என்ற நிபந்தனையால் அதிகம் நடக்கவில்லை. விடாமல் பிரசாரம் செய்தவர்களில் முன்னால் நின்றவர்கள் மனைவிமார்தான். 1926இல் சுரங்க நிலச் சொந்தக்காரருக்குப் போகும் உரிமைப் பணத்தின்மேல் வரி போட்டு, அந்தப் பணத்தில் கட்டத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான சுரங்கங்களில் எழுந்தன. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பெட்டகம். உள்ளே சூடான காற்று ஊதும். மறுநாள் காலையில் உடுப்புக் காய்ந்திருக்கும்.

எங்கள் தொழிலுக்கே உரிய சட்டம் வேண்டுமென்றால், பாக்கு நீரிணைக்கு அப்பால் பாருங்கள். 1951இல் இந்தியா இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை முதலாளி கொடுக்கும்படி மாநில அரசுகள் விதி செய்யலாம் என்றது. சர்வதேச தொழில் நிறுவனத்தின் 1958ஆம் ஆண்டுத் தோட்டத் தொழில் சமவாயம், தொழிலாளர் வீட்டுக்கான தரங்களில் காற்றோட்டம், விறாந்தை, துவைக்கும் வசதி ஆகியவற்றையும் சேர்த்தது. இலங்கை அதை ஏற்ற நாடு. ஆகவே நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

எங்கள் கோரிக்கைப் பத்திரத்தில் நான்காவது இலக்கமாக இதை எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு லயத் தொகுதிக்கும் ஒளி புகும் தகரக் கூரை போட்ட, பக்கம் திறந்த, சாரல் அடிக்காத ஒரு காயவைக்கும் கொட்டகை. தொழிற்சாலை பக்கத்தில் உள்ள இடங்களில் அதன் கழிவுச் சூட்டைக் குழாயில் கொண்டுவர வேண்டும். புகை அல்ல, சூடு மட்டும். பிள்ளைக் காம்பராவில் ஒரு சுழற்றிப் பிழியும் இயந்திரம்: ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 அலகு மின்சாரத்துக்குச் சமமான சூடு தேவை, சுழற்றி வெளியேற்ற அதில் சிறு பங்கும் போதாதா? மழைக்கோட்டும் சப்பாத்தும் கூலியில் கழிக்காமல் தர வேண்டும். ஈர வெட்டுக்கு எழுத்தில் ஒரு விதி வேண்டும், தொழிலாளர் முன்னிலையில் நிறுக்க வேண்டும். மலைப் பாடசாலைகளுக்கு இரண்டாவது சீருடை. இதைக் கல்வி அமைச்சிடம் ஆசிரியர் சங்கங்களோடு சேர்ந்து கேட்கப் போகிறோம், இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களின் கையொப்பமும் வேண்டும்.

பத்திரம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. கரையோரத்துக்கு என்ன சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். மாரிக்கு முன் நூல் காயவைக்கும் பொதுக் கொட்டகை ஒன்றைப் பற்றி மருதமுனைச் சகோதரிகள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுக்கிறோம்.